பங்கு போட்ட மருந்து

என் தங்கை கோமதியின் வலது கை மணிக்கட்டோடு போனதற்கு நான்தான் காரணம். தீக்குச்சி அல்ல. தீப்பெட்டி ஆபீஸ் அல்ல. அவள் தலையெழுத்தும் அல்ல... நான்!

இதைச் சொன்னால் பாரம் குறையும் என்று எண்ணி எழுதவில்லை. உங்கள் மன்னிப்பும் எனக்கு வேண்டாம். அதை வாங்கி எங்கே வைப்பேன்? முழுவதையும் படியுங்கள். படித்துவிட்டு, என் இடத்தில் நின்றிருந்தால் வேறு மாதிரி செய்திருப்பேன் என்று உங்களால் சொல்ல முடிந்தால் சொல்லுங்கள். முடியாவிட்டால் பேசாமல் இருங்கள்.

கோபமாகப் பேசுகிறேனோ? நேரில் பார்த்தால் நம்பமாட்டீர்கள். நான் கூச்சக்காரன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டதற்குக்கூட வறுமை பாதிக் காரணம்தான். வாத்தியார் எழுப்பிக் கேள்வி கேட்பார், பதில் தெரிந்திருந்தும் எனக்கு நாக்கு எழும்பாது என்பது மீதிக் காரணம். யாரையும் நிமிர்ந்து பார்த்துப் பேசியதில்லை. ஊரில் அதற்கு 'தங்கமான மனுஷன்' என்று பெயர் வைத்தார்கள். கூச்சத்தை நல்ல குணம் என்று நினைக்கிறவர்கள் இருக்கும்வரை என்னைப் போன்றவர்களுக்குக் குறையே இல்லை!

சுதந்திரம் வந்து பத்து வருஷம் ஆகியிருக்கும். கோவில்பட்டியில் கடைக்காரர்களும் தீப்பெட்டி முதலாளிகளும் சேர்ந்து நடத்திய ஒரு சிறிய தர்ம ஆஸ்பத்திரியில் வேலை செய்தேன். பெயர் எதற்கு? இன்று அது இல்லை. தரை கூட்டத்தான் சேர்ந்தேன். வயதான கம்பவுண்டர் எனக்கு ஊசி கொதிக்க வைக்கவும், புண் கழுவிக் கட்டவும், பிறகு ஊசி போடவும் பழக்கினார். அவர் வேலையை விட்டுப் போனதும் அந்த வேலையெல்லாம் என் தலையில் விழுந்தது. ஒரே வார்டு. நடுவில் ஒரு தட்டி. தட்டிக்கு இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள்.

என் கை மெதுவான கை என்று பெயர். முதுகில் ராஜபிளவைக் கட்டி வந்து படுத்திருந்த ஜவுளிக்கடை காதர் பாய் வார்டு முழுக்கக் கேட்கும்படி சொல்வார்: "அண்ணாச்சி சும்மா குத்த மாட்டாரு. ஊசிகிட்ட ஒரு மன்னிப்பு, நம்மகிட்ட ஒரு மன்னிப்பு, ரெண்டும் கேட்டுட்டுதான் குத்துவாரு." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் தலையைக் குனிந்தபடி சிரிப்பேன்.

அப்போது பெனிசிலின் எங்கள் பக்கம் பரவியிருந்த காலம். அந்த மருந்தை நீங்கள் இன்று சாதாரணமாகப் பேசுவீர்கள். அன்று எங்கள் சனங்களுக்கு அது சாமி! அழுகிப்போன காலோடு வண்டியில் வந்தவன் நடந்து திரும்பியதைக் கண்டவர்கள் அவர்கள். நாகலாபுரம், ஓட்டப்பிடாரம், எப்போதும்வென்றான் என்று எங்கிருந்தெல்லாமோ மாட்டு வண்டி கட்டி வந்தார்கள். மாத்திரை கொடுத்தால் முகம் வாடிவிடும். ஊசி போட்டால்தான் வைத்தியம். அதிலும் ஊசிக்குழாயை உற்றுப் பார்ப்பார்கள். கண்ணாடியில் மருந்து எதுவரை நிற்கிறது என்று பார்ப்பார்கள். நிறைந்திருந்தால்தான் மனம் ஆறும்.

எங்கள் டாக்டர் காவேரிக் கரைக்காரர். வாய்க்காலில் நீந்தி வளர்ந்தவர். நல்லவர், ஆனால் கண்டிப்பானவர். யாருக்கு எழுதியிருக்கிறதோ அவர்களுக்கு மட்டும், எழுதிய அளவு, எழுதிய நாள்வரை. பாதியில் நிறுத்தக் கூடாது, குறைக்கக் கூடாது. குப்பிகள் போதாத நாளில், யாருக்கு அவசியமோ அவர்களுக்கு முழுதாகக் கொடுத்துவிட்டு மற்றவர்களுக்குக் களிம்பு கொடுத்து அனுப்பு என்பது அவர் உத்தரவு.

உத்தரவு போட்டுவிட்டு அவர் அறுவை அறைக்குள் போய்விடுவார். வாசலில் நிற்கிறவர்களிடம் 'இல்லை' என்று சொல்ல வேண்டியவன் நான்.

அந்தச் சொல் என் வாயிலிருந்து வரவே இல்லை...

அதற்குக் கூச்சம் மட்டுமா காரணம்? இல்லை. இதைக் கவனமாகக் கேளுங்கள். எங்கள் ஊர் கரிசல் காட்டு ஊர். சித்திரையில் கிணறு வறண்டுவிடும். ஓடை மணலில் ஊற்றுத் தோண்டி, தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். பின்னால் ஒரு வெறுங்குடம் நிற்கும்வரை முன்னால் இருப்பவள் குடம் நிறைக்கக் கூடாது. இதை யாரும் எழுதி வைக்கவில்லை. முழுக்குடம் எடுத்துத் தலையில் ஏற்றிய ஒருத்தியின் குடத்தை என் அம்மாவே தட்டிவிட்டு உடைத்ததைப் பார்த்திருக்கிறேன். உடைத்தது தப்பு என்று ஒருவரும் சொல்லவில்லை. குடம் இழந்தவளும் சொல்லவில்லை!

அந்த மண்ணில் வளர்ந்தவன் கையில் ஒரு குப்பி மருந்தைக் கொடுத்து, ஒருவனுக்கு முழுதாகப் போடு, மூன்று பேரை வெறுமனே திருப்பி அனுப்பு என்றால்... எப்படி அனுப்புவான்?

பங்கு போட்டேன்.

குப்பியில் கொதித்தாறிய தண்ணீரைக் கூடுதலாகச் சேர்த்தேன். எல்லோருடைய ஊசிக்குழாயும் நிறைந்திருந்தது. எல்லோரும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். காய்ச்சல் கொஞ்சம் இறங்கியது, வீக்கம் கொஞ்சம் வடிந்தது. பாதிப்பேர் அதற்குமேல் வரவே இல்லை. சுகமாகிவிட்டது என்று நின்றுகொண்டார்கள். எனக்கும் நிம்மதிதான். அவர்கள் நின்றதில் இன்னொருவருக்குப் பங்கு கிடைத்தது!

தண்ணீர் விஷயத்திலும் அப்படியே. கோடையில் ஆஸ்பத்திரிக் கிணறும் தரையைத் தொட்டுவிடும். ஒரு புண்ணைக் கழுவியதும் கையைக் கழுவ வேண்டும், அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கொட்ட எனக்கு மனம் வரவில்லை. காலையில் ஒரு பேசினில் மருந்துத் தண்ணீர் கலந்தால் மதியம்வரை வார்டு முழுவதற்கும் அதிலேயே கையை முக்கி எடுத்தேன். ஒரு கட்டிலின் சீழை இன்னொரு கட்டிலுக்கு என் மெதுவான கைகளே சுமந்துபோயின... அன்று அது எனக்குச் சிக்கனமாகத் தெரிந்தது. புண்ணியமாகக்கூடத் தெரிந்தது!

போனவர்கள் திரும்பி வரத் தொடங்கினார்கள். ஆறிய புண் மறுபடி சீழ் கட்டியது. குடலிறக்கத்துக்கு அறுத்துக்கொண்டவருக்குத் தையல் விட்டது. காதர் பாய் வீட்டுக்குப் போய் நோன்பு முடிவதற்குள் அதே முதுகோடு வந்து குப்புறப் படுத்தார். "என்ன அண்ணாச்சி, ஒங்க ஊசிக்கு வயசாயிட்டா?" என்று கேட்டார். இந்த முறை நான் சிரிக்கவில்லை.

அந்தக் கோடையில்தான் கோமதி வந்தாள்.

அவள் புருஷனை இழந்தவள். ஒரு பெண் குழந்தை. தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி அடைக்கிற வேலை. தீக்குச்சிகளைப் பிடி பிடியாக அள்ளிப் பெட்டியில் அடைப்பாள். அந்த வலது கைதான் இரண்டு வயிற்றுக்கும் சோறு. ஒரு நாள் அள்ளிய குச்சிகள் உரசிக் கைக்குள்ளேயே பற்றிக்கொண்டன. உள்ளங்கையும் விரல்களும் வெந்துவிட்டன. பெரிய காயம் என்று சொல்ல முடியாது. நாட்டு மருந்து போட்டுக்கொள்கிறேன் என்று வீட்டில் இருந்தவளை, நான் இருக்கும்போது எதற்கு நாட்டு மருந்து என்று சொல்லி ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தவன் நானே. வீட்டில் இருந்திருந்தால் தழும்போடு போயிருக்கும்... நான்தான் அழைத்து வந்தேன்!

பக்கத்துக் கட்டிலில் நாகலாபுரத்துப் பேச்சியம்மாள். பிள்ளை பெற்று இரண்டு மாதம். மார்பில் கட்டி வந்து கீறிவிட்டிருந்தது. குழந்தை அழுதால் கோமதி இடது கையால் தொட்டிலை ஆட்டிவிடுவாள். பேச்சியம்மாள் கோமதிக்குத் தலை வாரிவிடுவாள். இரண்டு பேரும் சீக்கிரமே அக்கா தங்கை ஆகிவிட்டார்கள்.

கோமதிக்குப் புண் சீழ் கட்டியது. வார்டில் மற்றவர்களுக்குக் கட்டிய அதே மஞ்சள் சீழ்.

அவளுக்கு நான் பங்கு போடவில்லை. முழுக் குப்பி போட்டேன். ஆமாம்! ஊருக்கெல்லாம் கால் பங்கும் அரைப் பங்கும் போட்ட தர்மவான், தன் தங்கைக்கு முழுதாகப் போட்டான். நீங்கள் செய்திருக்கமாட்டீர்களா? அந்த முழுக் குப்பி எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். பேச்சியம்மாளுக்கு எழுதியிருந்ததிலிருந்து வந்தது. அவள் ஊசிக்குழாயில் சில நாள் வெறும் தண்ணீர்தான் இருந்தது. குழாய் நிறைந்திருந்தது. கும்பிட்டாள்.

முழுக் குப்பியும் வேலை செய்யவில்லை. வீக்கம் மணிக்கட்டுக்கு ஏறியது.

டாக்டர் வந்து கட்டை அவிழ்த்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு வார்டின் நடுவில் நின்றபடி என்னைக் கூப்பிட்டார்.

"பாதி மருந்துல கிருமி சாகாதுய்யா. தப்பிச்சது அந்த மருந்துக்குப் பழகிடும். பழகினது ஒரு கட்டில்லேர்ந்து இன்னொரு கட்டிலுக்குப் போகும். அப்புறம் முழுசாப் போட்டாலும் கேக்காது. இங்க யாருக்காவது குறைச்சுப் போட்டிருந்தா இப்பவே சொல்லிடுங்க, திட்டமாட்டேன். அப்படின்னா நான் இன்னிக்கே வேற மருந்துக்கு மதுரைக்கு ஆள் அனுப்பணும். இந்தக் கை அதுலதான் இருக்கு."

இந்தக் கை அதில்தான் இருக்கிறது... அவர் தெளிவாகத்தான் சொன்னார். எனக்கும் தெளிவாகத்தான் புரிந்தது.

தட்டிக்கு அந்தப் பக்கம் காதர் பாய் இருமலை அடக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சியம்மாள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு என்னையே பார்த்தாள். எல்லாக் கட்டில்களும் என்னைப் பார்த்தன. அவர்கள் கும்பிட்ட ஊசியில் தண்ணீர் இருந்தது என்று அத்தனை பேர் முன்னால் நான் சொல்ல வேண்டும். இத்தனை கண்களை என் வாழ்நாளில் நான் ஒருசேரத் தாங்கியதில்லை.

"எல்லாருக்கும் முழுசாத்தான் போடுதேன்யா" என்றேன்.

டாக்டர் நம்பினார். ஏன் நம்பமாட்டார்? நான் தங்கமான மனுஷன் ஆயிற்றே! மருந்து பழகியிருக்காது, அளவுதான் போதவில்லை போலிருக்கிறது என்று முடிவு செய்து, பெனிசிலினையே இரட்டிப்பாக எழுதினார். நான் இரட்டிப்பாகப் போட்டேன். பழகிய கிருமிக்குப் பழகிய மருந்து... தனியாகப் போய் அவர் அறையில் சொல்லியிருக்கலாம் அல்லவா? அறை வாசல்வரை போனேன். போனதையும் எழுதுகிறேன், திரும்பியதையும் எழுதுகிறேன். இரண்டில் எது என் குணம் என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குள் பேச்சியம்மாளின் புருஷன் வந்தான். இத்தனை நாள் இருந்தும் சுகமில்லை, விதைப்புக்கு முந்தி நிலத்தை உழ வேண்டும் என்று சொல்லி அவளையும் குழந்தையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். அவளுக்குக் காய்ச்சல் அடித்துக்கொண்டுதான் இருந்தது. நான் தடுக்கவில்லை.

கோமதியின் விரல் நுனிகள் கறுத்தபோதுதான் டாக்டர் தாமாகவே மதுரைக்கு ஆள் அனுப்பினார். வேறு மருந்து வந்தது. அது வந்து உயிரைக் காப்பாற்றியது. கையைக் காப்பாற்ற நேரம் கடந்துவிட்டது. பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோய் மணிக்கட்டோடு எடுத்தார்கள்.

"என் புத்திக்கு லேட்டா எட்டிடுச்சு, மன்னிச்சுக்கோங்க" என்று டாக்டர் என்னிடம் சொன்னார். என்னிடம்! ஊரும் அதையே பேசியது. காவேரிக் கரைக்காரருக்குக் கரிசல் காட்டு உடம்பு பிடிபடவில்லை என்றார்கள். மறு வருஷம் அவர் தம் ஊர்ப் பக்கமே போய்விட்டார். அந்தப் பழியை அவர் மூட்டையோடு சேர்த்து ரயிலில் ஏற்றிவிட்டவனும் நானே. அதற்கும் வாய் திறக்கவில்லை.

இப்போது நீங்கள் என்ன சொல்லப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். கையாலாகாதவன், கோழை, கொலைகாரன். சொல்லுங்கள். ஆனால் நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்கமாட்டேன். அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டேன்.

ஒரு நாள் காய்ச்சல் விட்டதும் மீதி மருந்தை அலமாரியில் போட்டவர் யார்? மீதியிருந்ததை அடுத்த வீட்டுப் பிள்ளையின் சொறிக்கு எடுத்துக் கொடுத்தவர் யார்? வெறும் தும்மலுக்கு, ஊசி போடாவிட்டால் நீயெல்லாம் என்ன ஆஸ்பத்திரி என்று என்னிடமே சண்டைக்கு வந்தவர் யார்? நான் ஒரு வார்டில் செய்ததை நீங்கள் ஒவ்வொரு வீட்டிலும் செய்கிறீர்கள். உங்களுக்கும் நல்ல மனசுதான். எனக்கும் நல்ல மனசுதான் இருந்தது! தண்ணீரைப் பங்கு போட்டால் எல்லோருக்கும் தாகம் கொஞ்சம் தணியும். இந்த மருந்தைப் பங்கு போட்டால் கிருமிக்குப் பாடம் நடத்தியதாக ஆகும். இது எனக்குத் தெரியாது. தெரியாமல் செய்ததற்கு நான் யாரிடமும் கைகட்டி நிற்கமாட்டேன். வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் போதுமான குப்பி ஏன் வரவில்லை என்று என்னைக் கேட்காதீர்கள், அனுப்ப வேண்டியவர்களைக் கேளுங்கள்.

ஆனால் தெரிந்த பிறகு சொன்ன அந்த ஒரு பொய்... அதற்கு என்னிடம் பதில் இல்லை. இருந்தால் இதை எழுதமாட்டேன்.

கோமதி இப்போது தீப்பெட்டிக்குக் காகிதம் ஒட்டுகிறாள். பெட்டியை மொண்ணைக் கையால் அமுக்கிக்கொண்டு இடது கையால் ஒட்டுவாள். அவள் மகளும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து ஒட்டுகிறாள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், எங்க அண்ணன் ஆஸ்பத்திரியில் இருக்கப் போய்த்தான் உசிராவது மிஞ்சியது என்று சொல்வாள். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குச் செவி புண்ணாகிவிட்டது.

போன மாசி மாதம் அவளிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். பங்கு போட்டதை, பேசின் தண்ணீரை, டாக்டர் கேட்டதை, நான் சொன்ன பொய்யை. அவள் பசை தடவுவதை நிறுத்தவில்லை. அழுவாள் என்று நினைத்தேன். கத்துவாள் என்று நினைத்தேன். இரண்டுக்கும் தயாராகப் போயிருந்தேன். 'போகட்டும்ணே' என்று சொல்லிவிடுவாளோ என்றுதான் பயமாக இருந்தது.

அவள் அதைச் சொல்லவில்லை.

"எனக்கு மட்டும் முழுசாப் போட்டேன்னு சொல்லுதியே. அது யாருதுண்ணே?" என்று கேட்டாள்.

சொன்னேன்.

பசைக் குச்சியைக் கீழே வைத்தாள்.

"கைப்பிள்ளைக்காரி. என் தலையை வாரிவிட்டவ. அவளுக்கு வெறுந்தண்ணியா போட்டே?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"இப்ப எப்படி இருக்கா?"

"தெரியாது தாயி."

"போயிப் பாத்தியா?"

"இல்ல."

"இங்கன இருக்கு நாகலாபுரம். இத்தனை வருசத்துல ஒரு எட்டு போயி, இருக்காளா செத்தாளான்னு கேக்கலையா?"

எனக்கு நாக்கு எழும்பவில்லை. அவள் குச்சியை எடுத்து மறுபடி பசையில் முக்கினாள்.

"என் கையைப் பத்தி அப்புறம் பேசுவோம். மொதல்ல அவளைப் பாத்துட்டு வந்து சொல்லு. அதுவரைக்கும் இங்கன வராதே."

நான் போகவில்லை. மாசி போய், பங்குனி போய், சித்திரையும் வந்துவிட்டது. பேருந்து நிலையத்துக்குப் போகிறேன், நாகலாபுரத்து வண்டியில் சனங்கள் ஏறுவதைப் பார்க்கிறேன், வண்டி புறப்பட்டதும் வீட்டுக்குத் திரும்புகிறேன். டாக்டரை எதிர்த்துப் பேசிவிடுவேன், ஊரை எதிர்த்துப் பேசிவிடுவேன், இதோ உங்களையும் எதிர்த்துப் பேசிவிட்டேன். அந்தக் கிராமத்தில் ஏதோ ஒரு கதவைத் தட்டி, 'பேச்சியம்மாள் இருக்காளா?' என்று கேட்கத்தான்...

நேற்றும் போய் நின்றேன். நடத்துனர், "வருதீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.